கயானா: பிறப்பு கழித்தல் இறப்பு

மாண்ட்ரியலுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில் எனக்கு எப்படியாவது ஒரு வேலை வேண்டும் என்றிருந்தது. கணவருக்கு டவுன்டவுனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. காலையில் அவர் மெட்ரோவுக்குக் கிளம்பிப் போனதும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே பஸ்ஸில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். திருச்சியில் புள்ளியியல் முதுகலை படித்தவள் நான். ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் பாடமும் எடுத்திருந்தேன். இங்கே புதிதாக வந்தவர்களுக்கு இலவசமாக நடத்தும் பிரெஞ்சு வகுப்பைத் தவிர எனக்குப் போவதற்கு இடமில்லை.

அந்த வகுப்பு நடந்த கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில்தான் அந்தத் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. முழுவதும் பிரெஞ்சு. தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கிப் படித்தேன். இயற்கை வளர்ச்சி. கயானா. புள்ளிவிவரம் தெரிந்த உதவியாளர் தேவை. கயானா தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் சின்ன நாடு, முக்கால்வாசி காடு என்று எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. காடு, இயற்கை, வளர்ச்சி என்றால் மரம் செடி கொடி வளர்வதைப் பற்றி யாரோ ஆராய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மின்னஞ்சல் அனுப்பினேன். வியாழக்கிழமை காலை வரச் சொல்லிப் பதில் வந்தது. அறை எண் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. எந்த வளாகம் என்று இல்லை.

எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு தெப்பனர் இருந்தது. பாலும் ரொட்டியும் லாட்டரிச் சீட்டும் விற்கிற மூலைக்கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் கேட்டேன்.

"மரஞ்செடி படிக்கிற இடமோ? ஓம், அது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை எல்லோ இருக்கு. மாண்ட்ரியல் தீவின்ரை அந்தக் கடைசித் தொங்கல். மாடெல்லாம் வச்சிருக்கினம். பஸ்ஸிலை போகலாம். ஆனா கனதூரம் தங்கச்சி, வெள்ளனக் கிளம்புங்கோ."

வெள்ளனக் கிளம்பினேன். மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு நெடுஞ்சாலையோரமாகவே இன்னும் வெகுதூரம். இறங்கியபோது சாணி வாசனை வந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. அறை எண்ணைத் தேடிக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். கடைசியில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மின்னஞ்சலின் அச்சுப்பிரதியைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது மக்கள்தொகைத் துறை. டவுன்டவுன்ல இருக்கு."

"மரம் இல்லையா?"

"மரம் இல்ல. மனுஷங்க."

டவுன்டவுன் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பேராசிரியை ஐம்பதைத் தாண்டிய, முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. நான் போனபோது மேஜையிலேயே ஒரு ஆப்பிளைத் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "மாடு எப்படி இருந்தது?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அன்றே வேலை கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். சின்ன நாடுகளின் மக்கள்தொகையைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் கயானாவுக்கு ஒரு அத்தியாயம். அந்த நாட்டில் வருஷாவருஷம் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பழைய பதிவுகளின் நகல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நான் அவற்றைக் கணினியில் ஏற்றி, பிழை திருத்தி, கோடு வரைந்து கொடுக்க வேண்டும்.

"பிறந்தவங்கள்ல இருந்து இறந்தவங்களைக் கழிச்சா வர்றதுதான் இயற்கை அதிகரிப்பு. அவ்வளவுதான்" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் அது பிரெஞ்சு போலக் கேட்கும்.

"ஊரை விட்டுப் போறவங்க, வர்றவங்க?"

"அது இயற்கை இல்ல. அது வேற அத்தியாயம். வேற ஒருத்தர் எழுதுறார்."

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. சூத்திரம் எனக்குப் புரிந்தது. ஆனால் கோட்டை வரைந்து முடித்த அன்று வேறு மாதிரி ஆகிவிட்டது. பிறப்பு விகிதம் பல பத்தாண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்திருந்தது. இறப்பு முன்பே குறைந்து, கீழே தட்டையாகப் படுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி குறுகிக்கொண்டு வந்தாலும் மூடவில்லை. இறந்தவர்களைவிடப் பிறந்தவர்கள் எல்லா வருஷமும் அதிகம். அந்த மிச்சத்தை வருஷாவருஷம் கூட்டிக்கொண்டே போனால் நாடு நிரம்பி வழிய வேண்டும். நான் சும்மா ஆசைக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களையும் பக்கத்தில் வரைந்து பார்த்தேன். அந்தக் கோடு ஏறவேயில்லை. தரையோடு தரையாக ஊர்ந்து போயிற்று. என் கோடு மேலே, அது கீழே. நடுவில் ஒரு பெரிய வெள்ளை இடம்.

எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானே அப்படிக் கிளம்பி வந்தவள்தானே. இருந்தாலும் அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கப் பார்க்க எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றே தோன்றியது. எண்களை மறுபடி சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பேராசிரியையிடம் காட்டினேன்.

"அழகா இருக்கு. ரெண்டாவது கோட்டை எடுத்துடு" என்றார்.

எடுத்துவிட்டேன். ஆனால் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "செத்துப்போறது இயற்கையாம். ஊரை விட்டுப் போறது இயற்கை இல்லையாம்."

அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "கானாதானே? ஆப்பிரிக்கா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். "கயாவா? காசிக்குப் போயிட்டு அங்கதானே போவாங்க. திவசம் குடுக்கிற ஊருக்கு நீ எதுக்குடி கணக்கு எழுதுற?"

கயா இல்லை, கயானா என்று விளக்கினேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டுவிட்டு, எல்லா வாரமும் கேட்பதைக் கேட்டாள். "விசேஷம் ஏதாவது உண்டா?"

"இல்லம்மா."

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் குழந்தை வேண்டுமா என்று என்னையே கேட்டால், ஒரு நாள் ஆமாம் என்று வரும், மறுநாள் இப்போது என்ன அவசரம் என்று வரும். நாள் முழுக்க ஒரு நாட்டின் பிறப்புகளைத் தட்டச்சு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தக் கேள்வியையே தொடத் தோன்றாது.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே ஒரு பெண் வருவாள். நாற்பது வயது இருக்கும். என் நிறம், என் முகவெட்டு. முதல் தடவை பார்த்தபோது தமிழ்ப் பெண் என்றே நினைத்து, "இந்த மெஷின் வேலை செய்யுதாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனா எங்க பாட்டன் பூட்டன் பேசின பாஷை அதுதான்" என்றாள். அவள் ஆங்கிலம் ஒரு பாட்டுப் போல ஏறி இறங்கும். பாதிதான் எனக்குப் புரியும்.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"கயானா."

கையிலிருந்த சோப்புத்தூள் டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். அது நான் செய்துகொண்டிருக்கும் வேலை என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் நாட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டாள். பிறந்தவர்களிலிருந்து இறந்தவர்களைக் கழிக்கிறேன் என்றால் யாருக்குத்தான் விளங்கும்?

மெல்ல மெல்லப் பழகினோம். அவளுடைய முன்னோர்களைக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் கூட்டிப்போனார்களாம். அவர்களை இன்னும் அங்கே 'மெட்ராஸ் ஆட்கள்' என்றுதான் சொல்வார்களாம். நான் நிஜமான மெட்ராஸிலிருந்து வந்தவள் என்று நினைத்து என்னை 'மெட்ராஸ்' என்றே கூப்பிட ஆரம்பித்தாள். திருச்சி மெட்ராஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. பிறகு எனக்கே அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

பக்கத்திலிருந்த மருத்துவமனையில் அவளுக்கு வேலை. நோயாளிகளைப் படுக்கையிலிருந்து வண்டிக்கு மாற்றி, இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் தள்ளிப்போவது. கூடப்பிறந்தவர்கள் நிறையப் பேர். டொரன்டோவில் சிலர், நியூயார்க்கில் சிலர், ஒரு தம்பி இங்கேயே. ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"வீடு இருக்கு" என்றாள்.

அவள் பிறந்தது என் பெட்டியிலிருந்த ஏதோ ஒரு வருஷத்தில் ஒன்று என்று கூட்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவள் இந்த ஊரில் சாகும்போது அந்தக் கணக்கில் கழிக்கப்படமாட்டாள். அப்படியென்றால் என் கோட்டில் அவள் என்றைக்கும் உயிரோடேயே இருப்பாள். இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாததால் சொல்லவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. மருந்துக்கடையில் வாங்கிய சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடும் தெரிந்தது. கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிஜமாவா?" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம் இருந்தது. கூடவே, யாரோ என்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டது போலவும் இருந்தது. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்த வாரமே சொல்லிவிட்டேன்.

"முழுகாம இருக்கேம்மா."

அம்மா அழுதுகொண்டே, சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். குழந்தை உண்டானால் மாவிளக்குப் போடுவதாக வேண்டுதல். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

துணி துவைக்கும் அறையில் கயானாக்காரியிடமும் சொன்னேன். அவள் என் துணிக்கூடையைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே இதை நீ தூக்காதே, மெட்ராஸ்" என்றாள்.

கூடையை நான் தூக்கவே இல்லை. ஆனாலும் பொங்கலுக்கு முந்தின வாரம், பேராசிரியையின் அறையிலிருந்து திரும்பும்போது மெட்ரோவிலேயே வலி ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரத்தம். கணவரை அலுவலகத்திலிருந்து வரவழைத்து, பக்கத்து மேட்டின் மேலிருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே காத்திருக்க வைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் கையில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்கேன் எடுத்த இளம் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. வெளியே போய் ஒரு நர்ஸோடு வந்தார்.

நர்ஸ் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். "ஃபோஸ் கூஷ்."

இரண்டு சொற்களுமே எனக்குத் தெரிந்தவை. 'ஃபோஸ்' என்றால் பொய் என்று வகுப்பில் படித்திருந்தேன். சரியா தப்பா என்று டிக் அடிக்கும் பயிற்சிகளில் தப்புக்குப் போடும் சொல். 'கூஷ்' மருந்துக்கடையில் நான் தினமும் தாண்டிப் போகும் அலமாரியில் எழுதியிருக்கும். குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர். பொய் டயப்பர். நான் அவளையே பார்த்தேன். எது பொய் என்று கேட்கத் தோன்றியது. வயிற்றிலிருந்ததே பொய்யா, நான் மாசமாக இருந்தேன் என்பது பொய்யா, இல்லை இவள் சொல்வதா? கணவர்தான் ஆங்கிலத்தில் மருத்துவரிடம் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"கலைஞ்சு போச்சும்மா."

அவர் என்னை அதுவரை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

வேறு அறைக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவள் அந்தக் கயானாக்காரிதான். வேலைச் சீருடையில், தலையில் வலை போட்டிருந்ததால் முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"மெட்ராஸ்? நீயா?"

வண்டியில் செருகியிருந்த என் தாளைப் பார்த்தாள். தள்ளத் தொடங்கினாள். வண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. லிஃப்டில் நாங்கள் மட்டும் இருந்தபோது நான் கேட்டேன்.

"இதை எங்கயாவது பதிவு பண்ணுவாங்களா?"

"எதை?"

"இதை."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "எனக்குத் தெரியாது. நான் வண்டி தள்ளுறவ. கேட்டுச் சொல்றேன்" என்றாள். வேலை முடிந்ததும் ஒரு டப்பா ஆப்பிள் சாறோடு வந்தாள். நர்ஸிடம் கேட்டாளாம். இவ்வளவு சின்னதாக இருந்தால் பதிவு எதுவும் கிடையாதாம். என் மருத்துவக் கோப்பில் மட்டும் இருக்குமாம். "போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குப் போனேன். பேராசிரியையிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்போது நான் காட்டுப் பகுதிகளின் பதிவுகளில் இருந்தேன். அங்கே குழந்தை பிறந்து வெகுகாலம் கழித்துத்தான் பதிவு செய்வார்கள். எந்த வருஷத்துப் பிறப்பை எந்த வருஷத்தில் வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "வயித்துலேயே போயிட்டா, அதை எந்தப் பக்கம் சேப்பீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட பிறந்தா பிறப்பு. பிறந்து பிறகு போனா இறப்பு. இது ரெண்டுலயும் வராது. ஏன், தரவுல அந்த மாதிரி ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"நல்ல கேள்வி" என்றார்.

மறுநாள் என் மேஜையில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. கருச்சிதைவுகளைக் கணக்கெடுப்பதில் உள்ள சிரமங்கள் பற்றியவை. மேலே பென்சிலில், "உன் கேள்விக்காக" என்று எழுதி ஒரு புன்னகை முகம் வரைந்திருந்தார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டையும் முழுக்கப் படித்தேன். பிரெஞ்சில் நன்றி சொல்லி, மேர்சி என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் உண்மையிலேயே அன்போடுதான் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்த அன்பு அது.

அம்மாவிடம் கணவர்தான் முதலில் சொன்னார். பிறகு நான் பேசினேன். அழுதாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கறுப்பு உளுந்துக் களி கிண்டிச் சாப்பிடச் சொன்னாள். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோச்சுக்காத. அந்த வேண்டுதல் இருக்கில்ல, மாவிளக்கு? உண்டானா போடறேன்னுதான் வேண்டிக்கிட்டேன். உண்டாச்சுதானே? இப்ப போடணுமா, போடக் கூடாதா?"

"தெரியலம்மா."

"பூசாரிகிட்ட கேக்கவா?"

"கேளு."

பூசாரி போடச் சொன்னாரா வேண்டாமென்றாரா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் துணி துவைக்கும் அறையில் கயானாக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் போர்வை மடிப்பதை நிறுத்தினாள். "மாரியம்மாவா? உங்க ஊர்லயும் மாரியம்மா இருக்கா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவளுக்கு ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. மாரியம்மா தங்கள் ஊர்ச் சாமி என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வீட்டில் பூஜை என்று கூட்டிப்போனாள். கணவர் வரவில்லை. "நீ போயிட்டு வா, எனக்கு அங்க யாரைத் தெரியும்" என்றார். மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு பஸ். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். வாசலில் பனியைச் சுரண்டி ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் காலணிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் பூட்ஸ்.

பூஜை அடித்தளத்தில். சுவரோரம் ஹீட்டர். அதன் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய மேஜை. அதன் மேல் அம்மன் சிலை, எலுமிச்சம்பழங்கள், எங்கிருந்தோ வரவழைத்த வேப்பிலை. கையெட்டும் உயரத்தில் சாம்பிராணிப் புகை நின்றது. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கயானாக்காரர்கள், எல்லாரும் இங்கே வேலை செய்கிறவர்கள். குழந்தைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என் வரைபடத்தின் நடுவிலிருந்த வெள்ளை இடத்துக்குள் இறங்கி வந்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த இடம் இவ்வளவு சூடாக, இவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று பேர் தப்பு அடிக்க ஆரம்பித்தார்கள். அதன் பெயரும் அவர்களுக்குத் 'தப்பு'தான். தலை நரைத்த ஒரு பஸ் மெக்கானிக்தான் பூசாரி. அவர் உடுக்கையை எடுத்துப் பாட ஆரம்பித்தார்.

தமிழ்.

தமிழ்தான், ஆனால் கையில் பிடிக்கப் போனால் நழுவியது. ஒரு சொல் தெரியும், அடுத்த இரண்டு தெரியாது. 'ஆத்தா' தெரிந்தது. 'வாடி' தெரிந்தது. நடுவில் தேய்ந்து, உருண்டு, எழுத்து மாறிப்போன சத்தங்கள். தண்ணீருக்கு அடியில் யாரோ நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கூடவே பாடினார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்தி, ஆனால் எனக்குப் பாடத் தெரியவில்லை.

ஒரு அடி திரும்பத் திரும்ப வந்தது. 'புள்ளெ வரோம்' என்பது போல ஒலித்தது. பிள்ளை வரம் என்று எனக்குக் கேட்டது. அடுத்த முறை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அப்படித்தான் இருந்தது. இன்னொரு முறை வந்தபோது 'வெள்ளம் வரும்' போலவும் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண், அம்மன் வந்துவிட்டாள் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூஜை முடிந்து, தட்டில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கொடுத்தார்கள். பூசாரி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் நிஜ மெட்ராஸ் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்? எங்க அப்பா பாடினார். அவரோட அப்பா பாடினார். அர்த்தம் யாரும் சொல்லல."

அறையிலிருந்த பேச்செல்லாம் அடங்கிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தைகள் உட்பட.

"குழந்தை வரம் கேக்கிற பாட்டுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "அப்படியா? நாங்க இதை மழைக்குத்தானே பாடுவோம். கரும்பு காயிறப்போ."

"மழையாவும் இருக்கலாம்."

"ரெண்டுல எது?"

"எனக்குச் சரியாத் தெரியலைங்க."

அவர் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை. "ரெண்டும் மேலேர்ந்துதானே வரணும்" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பூசணிக்காயை வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"உனக்கு வேணும்னுதான் அப்படிக் கேட்டுச்சா, இல்ல பாட்டுலேயே இருந்துச்சா?"

அதுவரை நான் குழந்தை வேண்டும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடி முழுக்கப் பனிப்பூ. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். அந்த அடியை மெதுவாகப் பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மெதுவாகப் பாடினால் அவர்களுக்கே வரவில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரித்தார்கள்.

வசந்தத்தில் என் வேலை முடிந்தது. கயானா அத்தியாயத்தில் என் கோடு அச்சானது. பிறப்பும் இறப்பும், நடுவில் குறுகி வரும் இடைவெளி. பேராசிரியை நன்றியுரையில் என்னைப் பற்றியும் ஒரு வரி போட்டிருந்தார். அடுத்ததாக இன்னொரு சின்ன நாட்டைக் கொடுத்தார். செய்தேன். எனக்கு நடந்ததை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவராகத் தெரிந்துகொண்டாரா என்றும் தெரியாது. ஒரு தடவை காரணமில்லாமல் என் மேஜையில் பாதி ஆப்பிளை நறுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் கயானாக்காரி, தன் அக்காள் இருக்கும் டொரன்டோவுக்குக் குடிபோனாள். அங்கே மருத்துவமனையில் இதே வேலை, கூடவே கோயில், சொந்தக்காரர்கள். வேனில் சாமான் ஏற்றும்போது தெப்பனர் அண்ணையும் வந்து ஒரு பெட்டி தூக்கிக் கொடுத்தார். "இதுவும் போகுது" என்றார். அவளையா பெட்டியையா சொன்னார் என்று தெரியவில்லை. சில வருஷம் தொலைபேசியில் பேசினோம். பிறகு அவளும் எண் மாற்றினாள், நானும் மாற்றினேன்.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, நல்ல குளிர்காலத்தில், அதே மருத்துவமனையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். இங்கே சாயங்காலம், திருச்சியில் பொழுது விடியாத மறுநாள். கணவர் நடைபாதையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அழுது முடித்ததும் ஜாதகம் எழுத வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"உங்க தேதிக்கு எழுதச் சொல்லவா, எங்க தேதிக்கு எழுதச் சொல்லவா?"

கணவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்றுக்கு எழுதும்மா என்றேன். அம்மா தன் தேதிக்கே எழுதிவிட்டாள். மகளின் பிறந்தநாளுக்கு நாங்கள் கேக் வெட்டி முடித்த மறுநாள்தான் திருச்சியிலிருந்து இன்றும் வாழ்த்து வருகிறது. மகளுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு நாளும் தனக்குத்தான் என்று இருக்கிறாள்.